இருபது கிராம் நிலக்கரி

பிரிட்டனின் லண்டன் மிட்லேண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே 1934இல் 'பிளாக் ஃபைவ்' என்ற நீராவி எஞ்சினை ஓட்டத் தொடங்கியது. 1951 வரை மொத்தம் 842 எஞ்சின்கள் அந்த வகையில் செய்யப்பட்டன. எஞ்சினுக்குப் பின்னால் வரும் டெண்டரில் 9 டன் நிலக்கரி கொள்ளும். பிரிட்டிஷ் டன் கணக்கில் 9,144 கிலோ. இதை மேசைமேல் ஓடும் மாதிரியாகச் செய்பவர்கள் அங்கே பெரும்பாலும் பின்பற்றும் அளவு, ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர். அதாவது 76.2இல் ஒரு பங்கு. அப்படியானால் மாதிரி டெண்டரில் எவ்வளவு கரி போட வேண்டும்? 9,144 கிலோவை 76.2ஆல் வகுத்தால் 120 கிலோ வருகிறது. மேசை தாங்காது. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் மூன்று முறை வகுக்க வேண்டும். ஏறத்தாழ நாலரை லட்சத்தால் வகுத்ததாகும். விடை 20.7 கிராம்.

இருபது கிராம் கரியைக் குட்டிப் பெட்டி ஒன்றில் கொட்டுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று கேட்கலாம். ரயில் மாதிரி செய்பவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சக்கரமும் கைப்பிடியும் குழாய்களும் தொழிற்சாலையிலிருந்தே நுணுக்கமாக வந்துவிடுகின்றன. கண்ணை உறுத்துவது டெண்டரில் கிடக்கும் கரிதான். ஒரு பொருளைச் சுருக்கும்போது அதோடு சேர்ந்து சுருங்கும் குணங்கள் சில. பிடிவாதமாகச் சுருங்க மறுக்கும் குணங்கள் பல. 1638இல் வெளிவந்த நூலில் கலிலியோ இதை எலும்பை வைத்து விளக்கினார். விலங்கின் உருவம் பெருகினால் எடை கன மடங்கில் ஏறும், எலும்பின் வலுவோ குறுக்குப் பரப்பின் அளவுக்குத்தான் ஏறும் என்றார். கரிக்குவியலில் எடையோடு சாய்வு, நீர், ஒளி, நெருப்பு, நேரம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. எது சுருங்குகிறது, எது மறுக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால், ஒரு விளையாட்டுச் சாமானுக்குள் பாதி இயற்பியல் பாடம் அடங்கியிருப்பது தெரியும்.

டெண்டருக்குள்ளே

டெண்டரின் அடியிலும் பக்கங்களிலும் தண்ணீர்த் தொட்டி. நடுவே மேலே திறந்த பள்ளத்தில் கரி. பள்ளத்தின் தரை எஞ்சினை நோக்கிச் சரிந்திருக்கும். ரயில் குலுங்கக் குலுங்கக் கரி தானாக முன்னே நகர்ந்து, ஃபயர்மேனின் காலடியில் உள்ள தகட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. அவர் ஷவலால் அள்ளித் திரும்பி உலைக்குள் வீசுவார். பெரிய பாளமாக வந்தால் கூர்சுத்தியலால் உடைத்துக் கைமுட்டி அளவுக்குக் கொண்டுவருவார். தூசி கிளம்பிக் கண்ணில் விழாமல் இருக்க அவ்வப்போது குழாயால் தண்ணீர் பீய்ச்சுவார்.

இந்தச் சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் குவியலில் தடயமாகத் தங்கும். கரி ஒரே அளவில் இருப்பதில்லை. 30 சென்டிமீட்டர் பாளம், 10 சென்டிமீட்டர் கட்டி, கோலி அளவுத் துண்டு, பொடி எல்லாம் கலந்து கிடக்கும். மாதிரியில் பாளம் 4 மில்லிமீட்டர், கட்டி 1.3 மில்லிமீட்டர். துண்டுகளுக்கு இடையே உள்ள காற்று இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிட்டால் 9 டன் கரி சுமார் 11 கனமீட்டர் இடத்தை அடைக்கும். மாதிரியில் அது 25 மில்லிலிட்டர்.

பிளாஸ்டிக் ஏன் தோற்கிறது

கடையில் வாங்கும் மாதிரி எஞ்சினில் பொதுவாக அச்சில் வார்த்த பிளாஸ்டிக் கரி இருக்கும். வடித்தவர் கைத்திறன் குறைந்தவர் அல்லர். குறை அச்சிலேயே இருக்கிறது. உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் செலுத்தி, ஆறியதும் அச்சைப் பிரித்துப் பொருளை வெளியே எடுக்க வேண்டும். பொருளின் ஏதாவது ஒரு முனை உள்நோக்கி வளைந்திருந்தால் அது அச்சில் மாட்டிக்கொள்ளும். எனவே எல்லா மேடுகளும் மேல்நோக்கிக் குறுகும் வடிவத்தில்தான் இருக்க முடியும். உண்மையான கரிக்குவியலில் ஒரு கட்டி இன்னொன்றின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே இருட்டுக் குகை இருக்கும். குவியலின் கன அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் இடைவெளிதான். அந்த இருட்டுகளே நமக்கு 'இது தனித்தனிக் கட்டிகளின் குவியல்' என்று சொல்கின்றன. பிளாஸ்டிக்கில் அந்த இருட்டு இல்லை; ஒட்டிப்போன புடைப்புகள்தான் இருக்கின்றன. கறுப்பு மை பூசினாலும் புடைப்பு புடைப்பாகவே நிற்கும்.

ஆகவே அனுபவசாலிகள் அந்தப் பிளாஸ்டிக் துண்டைக் கழற்றி எடுத்துவிடுவார்கள், அல்லது அதையே அடித்தளமாக வைத்து மேலே நிஜக் கரியைத் தூவுவார்கள். நிலக்கரிக்கு மாற்றாக நிலக்கரியைப் போல் பொருத்தமான பொருள் வேறில்லை. மாதிரி உலகில் இது அபூர்வம். மரத்தைச் சுருக்க மரத்துண்டு உதவாது, இழை பெரிதாகத் தெரியும். துணிக்குத் துணி உதவாது, நெசவு காட்டிக்கொடுக்கும். தண்ணீருக்குத் தண்ணீர் உதவவே உதவாது. கரி மட்டும் உடைத்தால் தன்னைப் போலவே சிறிய கரியாகிறது.

உடைந்தாலும் அதே முகம்

புவியியலாளர் பாறையைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு சுத்தியலையோ நாணயத்தையோ வைப்பது வழக்கம். அது இல்லாவிட்டால் படத்தில் இருப்பது மலைமுகடா, மேசைமேல் வைத்த கல்லா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. உடைந்த பாறையில் அளவைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. நிலக்கரியும் அப்படியே. நிலத்தடியில் இருந்தபோதே அதில் ஏறத்தாழச் செங்குத்தாக ஒன்றையொன்று வெட்டும் நுண்ணிய விரிசல்கள் விழுந்திருக்கும். சுத்தியல் பட்டால் அந்த விரிசல்கள் வழியாகப் பிளந்து, சதுரமுனைக் கட்டிகளாக உதிரும். கட்டியை மீண்டும் உடைத்தால் மீண்டும் சதுரமுனைதான்.

உடைந்த கரியில் எந்த அளவுத் துண்டு எவ்வளவு இருக்கும் என்பதற்கும் ஒழுங்கு இருக்கிறது. 1933இல் ரோசின், ரம்லர் என்ற ஜெர்மானியப் பொறியாளர்கள், அரைத்த நிலக்கரியின் நுண்மையை அளந்து ஒரு சமன்பாட்டை எழுதினார்கள். சல்லடையின் கண் அளவைச் சொன்னால் அதன்மேல் எத்தனை விழுக்காடு தங்கும் என்று அது சொல்லும். சிமெண்ட், தாதுக்கல் என்று அரைக்கும் தொழில்கள் பலவும் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றன. சம்மட்டியால் அடித்து நொறுக்கிய ஒரு பிடி கரியில் பெரியது கொஞ்சம், நடுத்தரம் நிறைய, பொடி மிச்சம் என்ற கலவை தானாகவே அமைந்துவிடுவது இந்த ஒழுங்கினால்தான். கையால் ஒவ்வொரு துண்டாக வார்த்து இந்தக் கலவையை உண்டாக்குவது யாராலும் ஆகாது.

கரியின் முகத்தைக் கூர்ந்து பார்த்தவர்களில் முக்கியமானவர் மேரி ஸ்டோப்ஸ். குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் போராடியவர் என்றே உலகம் அவரை அறியும். 1921இல் லண்டனில் அதற்கென ஒரு மருத்துவ நிலையம் திறந்தவர். ஆனால் அவர் படிப்பால் தொல்தாவரவியலாளர். 1919இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், கரியில் வெறும் கண்ணுக்கே தெரியும் பட்டைகளை நான்காகப் பிரித்துப் பெயர் வைத்தார். கண்ணாடி போல் மின்னி வழவழப்பாக உடைவது விட்ரெய்ன். பட்டுப்போல் மங்கிய மினுக்கம் உள்ளது கிளாரெய்ன். மினுக்கமே இல்லாமல் சாம்பல் கலந்த கறுப்பாக, கெட்டியாக இருப்பது டியூரெய்ன். தொட்டால் கையில் அப்பிக்கொள்வது ஃபியூசெய்ன். 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காடுகள் தீப்பற்றியபோது உண்டான அடுப்புக்கரியே அது என்று இன்று பரவலாகக் கருதப்படுகிறது.

மாதிரி செய்பவருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. வடக்கு இங்கிலாந்தின் 'ஹார்ட்ஸ்' எனப்பட்ட கெட்டிக் கரி டியூரெய்ன் மிகுந்தது. மங்கலாக, பெரிய பாளங்களாக வரும். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே எரித்த வேல்ஸ் கரி புகை குறைந்தது, வெப்பம் மிகுந்தது, ஆனால் எளிதில் உதிர்வது. குவியலில் சின்னத் துண்டும் பொடியும் தூக்கலாக இருக்கும். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா அண்ட் ரெடிங் ரயில்வே, பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் சுரங்கங்களில் வீணாகக் குவிந்த பொடிக்கரியை எரிக்க விரும்பியது. அதன் அதிகாரி ஜான் வூட்டன் 1877இல் அதற்கென்றே மிக அகலமான உலை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த எஞ்சின்களின் டெண்டரில் முட்டி அளவுக் கட்டியைப் போட்டால் ஊர் மாறிப்போகும். கரியின் துண்டளவே எஞ்சின் எந்த நிலத்தது என்று சொல்லிவிடும்.

குவியலின் சரிவு

அறுவடைக் களத்தில் நெல்லைக் கூடை கூடையாகக் கொட்டும்போது அம்பாரம் ஓர் அளவுக்கு மேல் செங்குத்தாக ஏறாது. கொட்டக் கொட்டச் சரிந்து, அடி அகன்று, அதே சாய்வில்தான் உயரும். கரிக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. உடைத்த கரியில் அது பெரும்பாலும் 35 முதல் 40 பாகை. துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று உராயும் வலிமைக்கும் அவற்றைக் கீழே இழுக்கும் ஈர்ப்புக்கும் இடையே உள்ள சமரசம்தான் அது. துண்டின் எடை குறைந்தால் ஈர்ப்பு குறையும். உராய்வும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே 10 சென்டிமீட்டர் கட்டியும் 1.3 மில்லிமீட்டர் துணுக்கும் ஏறத்தாழ ஒரே சாய்வில் நிற்கின்றன. சுருக்குவதற்கு ஒத்துழைக்கும் குணம் இது. டெண்டருக்கு மேலே விரல் நுனியிலிருந்து கரியை உதிர விட்டால் போதும், குவியல் தன் உருவத்தைத் தானே அமைத்துக்கொள்ளும். களிமண்ணில் மேடு பிசைந்து அதன்மேல் கரி ஒட்டுபவர்கள் சாய்வைச் செங்குத்தாக்கிவிடுவதுண்டு. காரணம் சொல்லத் தெரியாதவர் கண்ணுக்கும் அது பொய்யாகத் தெரியும்.

இந்த ஒத்துழைப்புக்கும் எல்லை இருக்கிறது. டெண்டரில் கிடக்கும் 6 மில்லிமீட்டர் பொடிக்கரியை விகிதப்படி சுருக்கினால் 0.08 மில்லிமீட்டர் ஆகும். ஏறத்தாழ இந்த அளவுக்குக் கீழே துகளின் எடையைவிடத் துகள்களுக்கு இடையே உள்ள மூலக்கூற்று ஈர்ப்பு கை ஓங்கிவிடுகிறது. பொடி உருளாது, ஒட்டும், கட்டிபிடிக்கும், செங்குத்துச் சுவராகக்கூட நிற்கும். ஆகவே பொடியை மட்டும் விகிதத்துக்குக் கட்டுப்பட்டுச் செய்யக் கூடாது. தேநீர் வடிகட்டியில் சலித்து, அடியில் விழும் மாவை அப்புறப்படுத்திவிட்டு, மேலே தங்கும் 1 முதல் 2 மில்லிமீட்டர் துணுக்குகளை முதன்மையாக வைத்து, இடுக்கியால் சில 4 மில்லிமீட்டர் பாளங்களைப் பொறுக்கிச் சேர்ப்பது நல்ல கலவை.

பாளங்களை எங்கே வைப்பது? குலுங்கும் கலவையில் பெரியவை மேலே வரும், சிறியவை கீழே இறங்கும். குலுங்கும்போது பெரிய துண்டு சற்றே எழும். அதன் அடியில் திறக்கும் சந்தில் சிறியவை புகுந்துகொள்ளும். பெரியது மீண்டும் இறங்க இடம் இருக்காது. 1987இல் இயற்பியலாளர்கள் இதைக் கணினியில் போலச் செய்து விளக்கினார்கள். ரயில் டெண்டரைப் போல் விடாமல் குலுங்கும் பாத்திரம் வேறு எது? பயணத்தின் நடுவே உள்ள எஞ்சினில் கட்டிகள் மேலே தலைகாட்டுவதும், தரையைத் தட்டும் வேளையில் பொடியே மிஞ்சுவதும் இதனால்தான்.

ஒட்டும் கலை

கரியைத் தூவியாயிற்று. இனி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினைக் கவிழ்த்த நாளில் துணுக்குகள் பற்சக்கரங்களுக்குள் போய்விடும். இங்கேதான் சுருங்க மறுக்கும் இயற்பியல் முழு உருவம் காட்டுகிறது.

தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை ஒரு சொட்டு, காய்ந்த கரித்துணுக்குகளின்மேல் விட்டுப் பாருங்கள். சொட்டு உள்ளே இறங்காது. முத்தாக உருண்டு நிற்கும். பக்கத்தில் இருக்கும் துணுக்குகள் ஓடிவந்து அதன்மேல் ஏறிக்கொள்ளும். சொட்டு சரிவில் உருண்டால் துணுக்குகளையும் வாரிக்கொண்டு போகும்; கவனமாக அமைத்த குவியலில் பள்ளம் விழுந்திருக்கும். உண்மையான டெண்டரில் ஃபயர்மேன் குழாயைத் திறந்தால் தண்ணீர் கரிக்குள் ஓடி மறைகிறதே, இங்கே ஏன் இப்படி?

நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல் நடந்துகொள்கிறது. ஈர்ப்பு விசைக்கும் அந்த இழுவிசைக்கும் நடக்கும் போட்டியில் யார் வெல்வார் என்பதற்கு ஓர் எல்லைக் கோடு உண்டு. தண்ணீருக்கு அது 2.7 மில்லிமீட்டர். அதைவிடப் பெரிய பொருள்களின் உலகில் ஈர்ப்பு ஆள்கிறது. சிறிய பொருள்களின் உலகில் பரப்பு இழுவிசை ஆள்கிறது. நிஜக் கட்டி 10 சென்டிமீட்டர், எல்லைக்கு வெகு மேலே. மாதிரிக் கட்டி 1.3 மில்லிமீட்டர், எல்லைக்குக் கீழே. எஞ்சினைச் சுருக்கிய நாம் தண்ணீர் மூலக்கூறைச் சுருக்கவில்லை. கரி இயல்பிலேயே நீரை எளிதில் ஏற்காத பொருள் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

மாற்று மருந்து சமையலறையில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி கலந்தால் நீரின் பரப்பு இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தேர்ந்தவர்களின் வரிசை இது: முதலில் குவியலின் மேல் சோப்பு கலந்த நீரை மூடுபனிபோல் மெல்லத் தெளிப்பார்கள், சிலர் அதற்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பயன்படுத்துவார்கள். கரி முழுக்க நனைந்ததும், நீர்த்த பசையைச் சொட்டுக்குழாயால் குவியலின் ஓரத்தில் விடுவார்கள், உச்சியில் அல்ல. இப்போது அதே பரப்பு இழுவிசை நண்பனாகிறது. துணுக்குகளின் சந்துகள் வழியாகப் பசை தானே மேலே ஏறிப் பரவும். ஓரத்தில் விட்ட பால்வெள்ளை வட்டம் கண்ணெதிரே குவியலுக்குள் ஊர்ந்து மறைவதைப் பார்க்கலாம். ஒரு துணுக்குகூட இடம் மாறாது. ஓர் இரவு காய்ந்தால் குவியல் முழுதும் ஒரே கட்டி.

கரியை நொறுக்கும்போது துணிப்பைக்குள் வைத்து அடிப்பதும், மூக்கை மூடிக்கொள்வதும் அவசியம். சுரங்கத் தொழிலாளரின் நுரையீரலைக் கறுப்பாக்கிய தூசி இதுவே.

கறுப்பில் எத்தனை கறுப்பு

மாதிரியை நாம் வழக்கமாக 30 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்க்கிறோம். விகிதப்படி அது நிஜ எஞ்சினை 23 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். நல்ல கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். 30 சென்டிமீட்டரில் அது 0.09 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நிஜ அளவில் 6 மில்லிமீட்டர் சொச்சம். அதைவிடச் சிறிய விவரம் எதுவும் கண்ணுக்கு எட்டாது. பொடிக்கரியைச் சுருக்காமல் விட்டதால் நட்டம் இல்லை என்று கண்ணும் சான்று சொல்கிறது. பொடி இருந்த இடத்தில் கொஞ்சம் வெளிறிய கறுப்புச் சாயல் போதும்.

கட்டியின் முகங்கள் கதை வேறு. விட்ரெய்ன் முகத்தில் வெயில் பட்டால் மின்னுவது அதன் வழவழப்பால். வழவழப்பு ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட வேண்டிய சங்கதி. 1 மில்லிமீட்டர் முகம்கூட அலைநீளத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பெரியது. ஆகவே துணுக்கும் கட்டியைப் போலவே மின்னும். இந்த மினுக்கத்தை வண்ணத்தால் தீட்ட முடியாது. அதைக் கெடுப்பது பசைதான். காய்ந்த பசை எல்லா முகங்களிலும் ஒரே சீரான படலமாகப் படிந்தால் குவியல் முழுவதும் அரக்குப் பூசியதுபோல் பளபளக்கும். அதற்கு மேலே மங்கல் வார்னிஷ் தெளித்துப் பளபளப்பை அடக்கிவிட்டு, ஈரம் காயுமுன் பத்திருபது புதுத் துணுக்குகளை உச்சியில் உதிர்ப்பார்கள். அவற்றின் சில முகங்கள் மட்டும் விளக்கொளியில் பளிச்சிடும்.

நெருப்பு ஒத்துழைக்காது

எடைக்கு வருவோம். பிளாக் ஃபைவ் எஞ்சின் டெண்டர் இல்லாமல் 72 டன். விகிதப்படி மாதிரி 165 கிராம் இருக்க வேண்டும். அந்த எடையில் சக்கரம் தண்டவாளத்தைப் போதிய அளவு கவ்வாது, மின்சாரத் தொடர்பும் விட்டுவிட்டு வரும். எனவே உலோகக் கட்டிகளை உள்ளே வைத்து வேண்டுமென்றே கனமாக்குகிறார்கள். டெண்டர் சக்கரங்கள் வழியாக மின்சாரம் எடுக்கும் மாதிரிகளில் கரியின் இருபது கிராமும் அந்த வேலைக்கு உதவுகிறது. நிஜ டெண்டரில் கரி ஒரு பாரம். மாதிரியில் அதே பாரம் வரவு.

இந்தக் கரியை எரிக்க முடியுமா? தோட்டத்தில் ஆளை உட்காரவைத்து இழுக்கும் 5 அங்குலத் தண்டவாள மாதிரி எஞ்சின்கள் உண்மையாகவே கரியை எரிக்கின்றன. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய பிரிட்டிஷ் வல்லுநர், 1920களில் இரண்டரை அங்குலத் தண்டவாள எஞ்சினே கரி எரித்து ஒரு மனிதரை இழுக்கும் என்று காட்டினார். அதற்கும் கீழே போகப் போக நெருப்பு முரண்டு பிடிக்கிறது. வெப்பம் பிறப்பது உலையின் கன அளவில். வெளியேறுவது பரப்பின் வழியாக. சிறிய உலைக்குக் கன அளவு சரசரவென்று குறைகிறது, பரப்பு அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. சூடு தங்காது. ஒரு மில்லிமீட்டர் துணுக்குகள் நெருங்கிக் கிடந்தால் காற்று நுழையாது. காற்றை வேகமாகச் செலுத்தினால் துணுக்குகள் புகைபோக்கி வழியே பறந்துவிடும்.

2003இல் ஹார்ன்பி நிறுவனம் இதே 4 மில்லிமீட்டர் அளவில் நிஜ நீராவியில் ஓடும் 'மல்லார்ட்' எஞ்சினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1938இல் மணிக்கு 203 கிலோமீட்டர் ஓடிச் சாதனை படைத்த எஞ்சினின் மாதிரி அது. தண்ணீரைச் சூடாக்கியது கரி அல்ல, தண்டவாளம் வழியாக வந்த மின்சாரம். கொதிகலன் இருந்த இடமோ டெண்டர். நீராவி டெண்டரில் உருவாகி முன்னே உள்ள எஞ்சினுக்குப் போயிற்று. எரியத் தெரியாத கரி மேலே, கொதிக்கும் தண்ணீர் அதன் கீழே.

குவியல் சொல்லும் மணி

வடிவம், சாய்வு, மினுக்கம் மூன்றும் கைகூடிய பிறகும் பல மாதிரிகளில் ஒரு பொய் மிச்சம் இருக்கும்: எல்லா எஞ்சினும் எப்போதும் நிறைந்த டெண்டரோடு ஓடிக்கொண்டிருக்கும்.

கரி ஏற்றிய முறையே குவியலின் முதல் உருவத்தைத் தீர்மானிக்கும். லண்டன் மிட்லேண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வேயின் பெரிய பணிமனைகளில் கான்கிரீட் கோபுரங்கள் இருந்தன. கரி வேகனை அப்படியே தூக்கிக் கோபுரத் தொட்டிக்குள் கவிழ்ப்பார்கள். எஞ்சின் கீழே வந்து நின்றால் குழாய் வழியே கரி கொட்டும். உச்சி கூர்ந்த மேடுகளாக விழும். லங்காஷயரில் கார்ன்ஃபோர்த் பணிமனையின் கோபுரம் இன்றும் நிற்கிறது. கிரேட் வெஸ்டர்ன்காரர்கள் இந்த முறையை நாடவில்லை. அவர்களுடைய வேல்ஸ் கரி அந்த உயரத்திலிருந்து விழுந்தால் தூளாகிவிடும். மேடைமேல் வேகனை நிறுத்தி, கையால் சிறு தள்ளுவண்டிகளில் வாரி, டெண்டருக்குள் கவிழ்த்தார்கள். அமெரிக்காவில் 1941 முதல் ஓடிய யூனியன் பசிபிக்கின் 'பிக் பாய்' 28 அமெரிக்க டன் கரி சுமந்தது. அதை எந்த ஃபயர்மேனாலும் அள்ளி மாளாது; டெண்டரின் அடியில் சுழலும் திருகுதண்டு கரியை உலைக்குத் தள்ளியது. அங்கே ஷவல் தின்ற பள்ளம் இருக்காது.

ஷவல் வேலை செய்யும் டெண்டரில் குவியல் முன்புறத்திலிருந்து குறையும். முதல் மணி நேரங்களில் கரி தானே இறங்கி வரும். பிறகு முன்பக்கம் தரை தெரியும். பின்சுவரை ஒட்டி மட்டும் மேடு நிற்கும். ஃபயர்மேன் பின்னே போய் அதை முன்னுக்கு வாரித் தள்ள வேண்டும். பயணத்தின் கடைசிக் கட்டத்தில் ஓய்ந்துபோன ஆளுக்கு இது தண்டனை. அதனால்தான் 'டச்சஸ்' வகை எஞ்சின்களின் 10 டன் டெண்டரில் கரியை முன்னே தள்ள நீராவியால் இயங்கும் தள்ளுகருவி ஒன்றை வைத்தார்கள்.

1928 மே 1ஆம் தேதி 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' ரயில் லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து எடின்பரோ வரை 632 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் கடந்தது. எஞ்சின் வடிவமைப்பாளர் நைஜல் கிரெஸ்லி அதற்கெனவே டெண்டரின் பக்கவாட்டில் 18 அங்குல அகலத்தில் ஒரு நடைவழி அமைத்திருந்தார். பாதி வழியில் மாற்று ஓட்டுநரும் ஃபயர்மேனும் பயணிகள் பெட்டியிலிருந்து அதன் வழியே எஞ்சினுக்கு வந்தார்கள். தண்ணீரை ஓடும்போதே தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள நீண்ட தொட்டிகளிலிருந்து முகந்துகொள்ள முடியும். கரியை வழியில் ஏற்ற வழியே இல்லை. கிளம்பும்போது உள்ள 9 டன்தான் கடைசிவரை. கிலோமீட்டருக்கு 14.5 கிலோவுக்கு மேல் எரித்தால் எடின்பரோ வராது. கிங்ஸ் கிராஸில் டெண்டரின் விளிம்புக்கு மேல் மேடு கட்டியிருந்த கரி, அங்கே போய்ச் சேரும்போது பின்சுவர் ஓரத்துச் சிறு குவியலாகவும் தரையில் பரவிய பொடியாகவும் குறைந்திருக்க வேண்டும்.

இதற்கும் மாதிரிக்காரர்களிடம் வழி இருக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை டெண்டரின் பள்ளத்துக்கு ஏற்ப வெட்டி, அதன்மேல் கரியை ஒட்டி, கரிக்கு அடியில் ஓர் இரும்பு வாஷரைப் புதைத்துவிடுவார்கள். சிறு காந்தத்தை மேலே காட்டினால் சுமை முழுதாக எழுந்து வரும். நிறைந்தது ஒன்று, பாதி கரைந்தது ஒன்று, அடிமட்டம் தெரிவது ஒன்று என்று மூன்று தகடுகள் இருந்தால் ஒரே எஞ்சின் காலையிலும் ஓடலாம், மாலையிலும் ஓடலாம்.

லண்டனிலிருந்து எடின்பரோ வரையான பாதையை இந்த விகிதத்தில் சுருக்கினாலும் 8.3 கிலோமீட்டர் வரும். எந்த வீட்டில் அவ்வளவு இடம் இருக்கிறது? ஐந்து மீட்டர் நீள அறை நிஜ உலகில் 400 மீட்டரைக்கூட எட்டாது. எஞ்சின் அந்த 400 மீட்டருக்குள்ளேயே போய்த் திரும்பிக்கொண்டிருக்கும். அது ஒரு நாள் முழுக்க ஓடி வந்தது என்று நம்மை நம்பவைக்கத் தண்டவாளத்தால் முடியாது, சக்கரத்தால் முடியாது. கரியின் மட்டம் இறங்கியிருந்தால் நம்புவோம். தூரத்தைச் சுருக்க இடம் போதாதவர், அது தின்ற கரியைக் குறைத்துக் காட்டினால் போதும்.